பாதையற்ற நாட்டில் மோட்டார்ப் பிரயாணம்: முதலில் வேண்டிய சாமான்கள் எவை?

ஆஸ்திரேலியா கண்டத்தின் நடுப்பாகத்தில் செப்பனிட்ட ரஸ்தா இல்லாத பூமி இன்றும் வெகு விஸ்தாரமாக இருக்கிறது. உணவையும் படுக்கையையும் மோட்டார் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு அதனூடே பல நாட்கள் பிரயாணம் செய்வது இக்காலத்தில் அநேகருக்கு விருப்பமான பொழுதுபோக்காகிவிட்டது. இதற்கு 'ஓவர்லாண்டிங்' என்று பெயர். இப்பெயர் பொழுதுபோக்கிலிருந்து பிறந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆட்டு மந்தைகளையும் மாட்டு மந்தைகளையும் நூற்றுக்கணக்கான மைல்கள் தரைவழியே ஓட்டிச் சென்றவர்களே அந்நாட்டில் 'ஓவர்லாண்டர்' என்று அழைக்கப்பட்டனர். இவ்விதப் பிரயாணத்திற்குப் பெயர்பெற்ற லாண்ட் ரோவர் வண்டியும், 1948-ல் வெளிவந்தபோது, விவசாயிகளின் உபயோகத்தை முதன்மையாகக் கருதியே அமைக்கப்பட்டது. ஆகவே நிலமும் கால்நடையும் உடையவர்களுக்கு இவ்விஷயம் முற்றிலும் அந்நியமானதன்று.

இத்துறையில் புதிதாக இறங்குகிறவர்கள் சாமான் வாங்குவதில் பெருந்தவறு செய்கிறார்கள். கண்ணுக்குப் பொலிவாயுள்ள பெரிய விளக்குகள், கூரைமேல் விரியும் கூடாரம், வண்டியை உயர்த்தும் வில்கள் ஆகியவற்றில் பணம் முழுவதும் செலவாகிவிடுகிறது. தண்ணீர்ப் பாத்திரமும், மண்வாரியும், டயரின் காற்றை அளக்கும் கருவியும் கடைசியில் நினைவுக்கு வருகின்றன. சிலருக்கு நினைவுக்கு வருவதுமில்லை. இந்த வரிசை தலைகீழானது. இதனால் நேரக்கூடிய நஷ்டம் பண நஷ்டம் மாத்திரமன்று.

இதற்கு உதாரணமாக பர்ட்ஸ்வில் தடத்தை எடுத்துக்கொள்ளலாம். தென் ஆஸ்திரேலியாவிலுள்ள மாரீ என்னும் ஊருக்கும், குவீன்ஸ்லாந்து எல்லையிலுள்ள பர்ட்ஸ்வில்லுக்கும் இடையே சுமார் 517 கிலோமீட்டர் நீளமுள்ளது இத்தடம். வடக்கேயுள்ள மேய்ச்சல் நிலங்களிலிருந்து மாரீ ரயில் நிலையத்திற்கு மாடுகளை நடத்திக்கொண்டு வருவதற்காக ஏற்பட்டது. மந்தைகள் குடிப்பதற்கென்று வழிநெடுக ஆழ்குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. மோட்டார் வருமுன் அப்பக்கத்துக்குச் சாமான் சுமந்தவை ஒட்டகங்களே. அவற்றை நடத்தியவர்கள் 'ஆப்கானியர்' எனப்பட்டனராயினும், அவர்களில் பலர் அக்காலத்து பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்குப் பாகத்திலிருந்து சென்றவர்கள். அங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியில் 8 அங்குலத்துக்கும் குறைவு. கோடையில் வெப்பம் 45 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும் நாட்களும் உண்டு.

1963-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், மாரீயில் வசித்த ஒரு குடும்பத்தார் இத்தடத்தின் பக்கத்தில் வண்டியில் சென்றார்கள். தாய் தந்தையரும் மூன்று குமாரர்களுமாக ஐவர். வழி தப்பி, பெட்ரோலும் தீர்ந்துபோயிற்று. இரண்டு நாளைக்குரிய தண்ணீர் மாத்திரமே இருப்பதாக வண்டியில் சீட்டு எழுதி வைத்துவிட்டு, வண்டியை விட்டு நீங்கினார்கள். ஐவரும் தாகத்தால் மாண்டனர். அவர்களைக் காத்திருக்கக்கூடியவை போதிய தண்ணீர், போதிய பெட்ரோல், இருப்பிடத்தைப் பிறருக்கு அறிவிக்கும் ஒரு சாதனம், வண்டியை விட்டு அகலாத பொறுமை என்னும் நான்கே. இவற்றில் ஒன்றும் பகட்டான சாமானன்று.

எனவே புதியவர் கைக்கொள்ள வேண்டிய விதி ஒன்றே. போய்ச் சேர்வதற்கு உதவும் சாமானை வாங்குமுன், திரும்பி வருவதற்கு உதவும் சாமானை வாங்கவேண்டும்.

முதலாவது தண்ணீர். வறண்ட பூமியில் குடிப்பதற்கும் சமையலுக்கும் ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு 5 லிட்டருக்குக் குறையாமல் கணக்கிடுவது நலம். கோடையில் இதுவும் போதாது. நால்வர் மூன்று நாள் பிரயாணம் செய்வதாயின் 60 லிட்டர் ஆகிறது. வண்டி பழுதாகி நின்றுவிட்டால் உதவி வரும்வரை தங்குவதற்கு மேலும் இரண்டு நாள் கூட்டினால் 100 லிட்டர். அதை ஒரே பீப்பாயில் வைத்தல் கூடாது. ஒரு வெடிப்பினால் அனைத்தும் மணலில் போய்விடும். ஐந்தாறு பாத்திரங்களில் பிரித்து வைப்பதே யுக்தம். பெட்ரோல் அல்லது டீசலையும் அவ்விதமே தாராளமாகக் கணக்கிட வேண்டும். மணலில் ஓடும் வண்டி, நல்ல ரஸ்தாவில் ஓடும் வண்டியைக் காட்டிலும் மிக அதிகமாக எரிபொருளை உட்கொள்ளும்.

இரண்டாவது டயர். கெட்டி ரஸ்தாவுக்கென்று காற்று நிறைத்த டயர் மணலில் கத்திபோல் இறங்கிவிடும். காற்றைக் குறைத்தால் டயர் நீண்டு பரந்து, பாரத்தைத் தாங்கி நிற்கும். 1929 முதல் 1932 வரை லிபியப் பாலைவனத்தில் ஃபோர்டு வண்டிகளில் பிரயாணம் செய்த ரால்ஃப் பாக்னால்ட் என்னும் ராணுவ உத்தியோகஸ்தரும் அவர் தோழர்களும், இம்முறையைக் கொண்டே அதுவரை கடக்க முடியாதென்று எண்ணப்பட்ட மணல்மேடுகளைக் கடந்தனர். காற்றினால் மணல் நகரும் விதத்தைப் பற்றிப் பின்னர் 1941-ல் நூல் வெளியிட்டவரும் அவரே. இக்காலத்து வண்டிகளில் ரஸ்தாவில் சதுர அங்குலத்துக்கு 35 ராத்தல் அழுத்தம் இருக்குமாயின், மென்மணலில் அதைச் சுமார் 18 ராத்தலுக்கு இறக்குவது வழக்கம். கெட்டித் தரைக்குத் திரும்பியதும் வேகமெடுக்குமுன் மீண்டும் காற்றடித்தல் வேண்டும். இல்லையேல் டயர் சூடேறிக் கெடும். ஆகவே அளவுமானி ஒன்று, காற்றடிக்கும் சிறு இயந்திரம் ஒன்று, உபரிச் சக்கரங்கள் இரண்டு, ஓட்டையடைக்கும் சாமான்கள், ஜாக்கி, மணலில் அந்த ஜாக்கி புதையாதிருக்க அதன் அடியில் வைக்க ஒரு தடித்த பலகை ஆகியவை இன்றியமையாதன. இவை அனைத்தின் விலையும் ஒரு கூரைக் கூடாரத்தின் விலைக்குக் குறைவாகவே இருக்கும்.

மூன்றாவது, புதைந்த வண்டியை மீட்கும் கருவிகள். 1936 முதல் பல ஆண்டுகள் பர்ட்ஸ்வில் தடத்தில் தபால் லாரி ஓட்டிய எஸ்மண்ட் க்ரூஸ் என்பவர், கனத்த இரும்புத் தகடுகளை வண்டியில் எடுத்துச் சென்று, மணல்மேடு வந்தபோதெல்லாம் சக்கரத்தின் முன் அவற்றை இட்டு இட்டு ஏறினார். இக்காலத்தில் அதற்கென்றே இலேசான பலகைகள் விற்கப்படுகின்றன. அவை இரண்டும், நீண்ட காம்புள்ள மண்வாரி ஒன்றும் இருந்தால் பெரும்பாலான இக்கட்டுகளிலிருந்து தனி ஆளே வெளிவந்துவிடலாம்.

"வின்ச்சு இருந்தால் இவையெல்லாம் எதற்கு?" என்று கேட்பவர் உண்டு. வின்ச்சு நல்ல கருவியே. மரங்கள் அடர்ந்த சேற்றுப் பூமியில் அதற்கு நிகரில்லை. ஆனால் அதன் கம்பியைக் கட்டுவதற்கு ஒரு மரமோ, மற்றொரு வண்டியோ வேண்டும். கண்ணுக்கெட்டிய வரையில் கூழாங்கல்லும் மணலுமாயுள்ள இடத்தில் தனி வண்டிக்கு அதனால் பயன் சொற்பம். மேலும் ஒரு வண்டியை மற்றொரு வண்டியால் இழுக்கும்போது, அதற்கென்று சட்டத்தில் உறுதியாகப் பொருத்தப்பட்ட கொக்கியிலேயே இழுவை நாடாவை மாட்ட வேண்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் ஒருபோதும் மாட்டலாகாது. அது முறிந்து குண்டுபோல் பாய்ந்து ஆட்களைக் கொன்றதுண்டு.

நான்காவது, செய்தி அனுப்பும் சாதனம். 1928-ல் ஜான் ஃப்ளின் என்னும் பாதிரியார் அந்நாட்டில் பறக்கும் வைத்தியர் சேவையைத் தொடங்கினார். ஆனால் வைத்தியரை அழைக்க வழியில்லாவிடில் ஆகாய விமானத்தினால் பயன் என்ன? அடுத்த ஆண்டில் ஆல்ஃப்ரெட் ட்ரேகர் என்பவர் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் கம்பியில்லாத் தந்திக் கருவியைச் செய்து கொடுத்த பிறகே அச்சேவை தூரத்துப் பண்ணைகளுக்கு எட்டியது. இன்று செயற்கைக்கோள் தொலைபேசியும், ஆபத்தில் இருப்பிடத்தைத் தெரிவிக்கும் சிறு கருவியும் கிடைக்கின்றன. சாதாரண கைப்பேசியை நம்பிப் புறப்படுதல் அறியாமை. எந்த வழியே போகிறோம், என்றைக்குத் திரும்புவோம் என்பதை ஊரிலுள்ள ஒருவரிடம் எழுதிக் கொடுத்துச் செல்லுதல் இவையனைத்தினும் மலிவான ஏற்பாடு. மருந்துப் பெட்டியும் தீயணைக்கும் கருவியும் உடன் இருக்கவேண்டும். வண்டியின் அடிப்பாகத்தில் சேரும் உலர்ந்த புல் புகைக்குழாயின் சூட்டினால் பற்றிக்கொள்வது அங்கு சகஜம்.

இவ்வளவும் ஏற்றினால் பாரம் மிகுதியாகாதோ என்னும் ஆட்சேபம் நியாயமானதே. 100 லிட்டர் தண்ணீர் மாத்திரமே 100 கிலோ. அதனாலேயே வேண்டாத சாமானை விலக்குவது அவசியமாகிறது. பாரம் மிகுந்தால் வில்கள் ஒடியும், டயர் வெடிக்கும், வண்டி மணலில் ஆழ்ந்து புதையும். பாரம் கூரைமேல் இருந்தாலோ சரிவான இடத்தில் வண்டி குடைசாயும். வைக்கோல் போரை உயர ஏற்றி வரப்புமேல் வண்டியோட்டிய எவருக்கும் இதை விளக்கவேண்டுவதில்லை. கனத்தவை கீழேயும் நடுவிலும் இருத்தல் வேண்டும்.

சாமான் கையில் இருந்தால் மாத்திரம் போதாது. அதைப் பயன்படுத்தக் கை பழகியிருக்க வேண்டும். நடுவழியில் முதன்முறையாக ஜாக்கியை உறையிலிருந்து எடுப்பவர், அதை எடுத்து வராதவரினும் அதிகம் மேலானவர் அல்லர். இவ்விஷயத்தில் நிலமுடையோருக்கு ஒரு வசதியுண்டு. நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி வைத்திருப்பவரும், அதில் தூரப் பிரயாணம் செய்ய விரும்பும் அவர் பிள்ளைகளும், முதலில் சொந்தத் தரிசிலேயே காற்றிறக்கிப் பார்க்கலாம், சக்கரம் மாற்றலாம், வேண்டுமென்றே புதையவிட்டு மண்வாரியால் மீட்டுப் பழகலாம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொள்ளக்கூடிய வித்தை இது.

கட்டை வண்டி பூட்டித் தூரத்துச் சந்தைக்குப் போன குடியானவன் மசகும், கயிறும், ஒரு கடையாணியும், குடிக்கத் தண்ணீரும் இன்றிப் புறப்பட்டதில்லை. மாட்டின் கொம்புக்குக் குப்பி வாங்கியது அதன் பிறகுதான். மோட்டாருக்கும் அவ்வரிசையே பொருந்தும்.