ஈரம் காய்ந்த நெல்

பெரும்போக அறுவடை நாட்களில் சம்மாந்துறை வட்டைகளுக்குப் போனால் ஒரு காட்சி தவறாது. வெட்டு மெசின் வயலில் இறங்கியதும் வியாபாரியின் லொறியும் தெருவோரம் வந்து நிற்கும். காலையில் கதிராக நின்ற நெல் மாலையில் லொறியில் ஏறிவிடும். மெசின் கூலியையும் உரக் கடனையும் கொடுத்துவிட்டு, மிஞ்சியதை எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம். நாலு மாதப் பாடு ஒரு பின்னேரத்தில் முடிந்துபோகிறது.

வாப்பாவின் காலத்தில் இப்படி இல்லை. வெட்டிய கதிர் உப்பட்டியாக வயலிலேயே கிடந்து காயும். பிறகு கட்டிச் சுமந்து சூடு வைப்பார்கள். களவெட்டியில் சூடடித்துத் தூற்றி, நெல் வீடு வந்து சேரும்போது அதன் ஈரம் பெரும்பாலும் போயிருக்கும். முதுகு முறியும் வேலையிலிருந்து மெசின் நம்மை விடுவித்தது. அதற்கு நான் நன்றியுள்ளவன். ஆனால் அந்தக் காயும் நாட்களையும் அது கூடவே கொண்டுபோய்விட்டது. அந்த நாட்களின் பெறுமதி எவ்வளவு என்று நாம் கணக்குப் பார்க்கவில்லை. வியாபாரி பார்த்தார். நெல்லைக் காயவைத்து, அடுக்கி, விலை ஏறும்வரை காத்திருப்பதே அவருடைய தொழிலானது.

2025 பெப்ரவரி 5ஆம் திகதி அரசாங்கம் உத்தரவாத விலையை அறிவித்தது. கிலோவுக்கு நாட்டு நெல் 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132. அதற்கு முன்பே அம்பாறையில் அறுவடை தொடங்கிவிட்டதால், பிந்திப்போச்சு என்று நம் விவசாயிகள் பட்ட கவலை நியாயமானது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நெல் சந்தைப்படுத்தும் சபை அந்த விலைக்குக் கேட்டது 14 சதவீதத்துக்கு மேல் ஈரமில்லாத நெல். நம் கையில் இருந்ததோ மெசினிலிருந்து கொட்டிய ஈர நெல்.

20 சதவீத ஈரமுள்ள 100 கிலோவைக் காயவைத்தால் 93 கிலோ தேறும். அன்றைய 120 ரூபாப்படி 11,160 ரூபா. காயவைக்கும் கூலியைச் சேர்க்காமல் பார்த்தால், ஈர நெல் கிலோ 111 ரூபாவுக்குக் கீழே போனபோதெல்லாம் நாம் விட்டுக்கொடுத்தது ஒரு படங்குக்கும் சில நாள் வெயிலுக்கும் உரிய பணம்.

நெல்லைக் கையில் வைத்திருந்தால் என்ன செய்யலாம் என்று காட்டிய ஒரு ராத்தா எங்கள் தெருவில் இருக்கிறார். மாப்பிள்ளை மௌத்தான பிறகு, இரண்டு மூட்டை நெல்லை அவித்து அரிசியாக்கி விற்கத் தொடங்கியவர். ஒருமுறை வாங்கியவர்கள் மறுமுறை வரவில்லை. ராத்தா அவர்களுடைய வீடுகளுக்கே போய், "சோறு எப்படி இரிந்திச்சு?" என்று கேட்டார்.

ஒரு வீட்டில் கல் என்றார்கள். அன்றிலிருந்து சுளகோடு இன்னொரு மணித்தியாலம் இருந்தார். இன்னொரு வீட்டில் வாடை என்றார்கள். ஊறப்போட்ட தண்ணீரை அப்படியே விட்டால் புளித்து, அந்த வாடை அரிசியில் ஏறிவிடும். தண்ணீரை மாற்றத் தொடங்கினார். குறுணல் அதிகம் என்ற குறை வந்தது. அவித்த நெல்லை ஒரே வெயிலில் முறுகவிடாமல், பாதி காய்ந்ததும் நிழலில் குவித்து ஆறவைத்து, பிறகு மீண்டும் பரப்பினார். கல்முனையிலிருந்து வந்த ஒரு ஆசிரியர், தாய்க்குச் சீனி வருத்தம் என்று சொல்லி, தவிடு முழுதாகப் போகாத சிவப்பரிசி கேட்டார். இன்று ராத்தாவிடம் அதிகம் விலைபோவது அந்த அரிசிதான்.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"நான் என்னத்தக் கண்டுபுடிச்ச மகன்? திங்கிற ஆக்கள்தான் சொல்லித் தந்தாங்க."

அந்தப் பதில் என்னை விட்டுப் போகவில்லை. படித்துவிட்டு வேலை தேடும் நம் பிள்ளைகளோடு பேசினால், கையில் என்ன சான்றிதழ் இருக்கிறது என்பதில்தான் பேச்சுத் தொடங்குகிறது. ராத்தா மற்றவர் வீட்டு அடுப்பிலிருந்து தொடங்கினார். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் நம் ஊரில்தான் இருக்கிறது. தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கிறது. தை மாத மழையில் காயவைக்க வழியில்லாமல் நெல்லை அள்ளிக் கொடுக்கும் விவசாயிக்கு ஒரு சிறு உலர்த்தி செய்து கொடுக்கிற பிள்ளையை இந்த ஊர் கைவிடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தப் பிள்ளை முதலில் வரம்பில் நின்று விவசாயியிடம் கேட்க வேண்டும்.

வருகிற போகத்தில் முழு நெல்லையும் வைத்திருங்கள் என்று நான் கேட்கமாட்டேன். கடன் யாருக்காகவும் காத்திருக்காது. பத்து மூட்டையை மட்டும் லொறியில் ஏற்றாமல் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவாருங்கள். காயவையுங்கள். அதில் ஒரு மூட்டையை அரிசியாக்கி விற்றுவிட்டு, ஒரு கிழமை கழித்து வாங்கியவர் வீட்டுக்குப் போய், சோறு எப்படி இருந்தது என்று கேளுங்கள்.