சடலத்தைக் கேட்கத் துணிந்தவர்

கிறிஸ்தவ சேவை, தைரியம் என்று பேச்சு வந்தாலே உடனே டோனாவூர் ஏமி கார்மைக்கேலும் வேலூர் ஐடா ஸ்கடரும்தான் மேடைக்கு வருவார்கள். பெரியவர்கள், மறுப்பில்லை. ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து வருகிறவரும், ஆவடியில் வாடகை வீட்டில் டியூஷன் எடுக்கிற அக்காவும் அந்தக் கதைகளைக் கேட்டுவிட்டு "அதெல்லாம் நமக்கு எங்கே..." என்று எழுந்து போய்விடுகிறார்கள். சாதாரண ஆளுக்கு விசுவாசமும் தைரியமும் எங்கேதான் தேவைப்படும்?

அதற்கு 2020 ஏப்ரல் மாதம் ஒரு பதில் தந்தது. ஏப்ரல் 13-ம் தேதி வானகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் கொரோனாவால் இறந்த நெல்லூர் டாக்டர் ஒருவரின் உடலை அம்பத்தூர் மயானத்துக்குக் கொண்டுவந்தார்கள். அக்கம்பக்கத்தார் திரண்டு எதிர்த்தார்கள். உடல் திரும்பிப் போயிற்று, வேறு இடத்தில்தான் தகனம் நடந்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, 19-ம் தேதி நரம்பியல் அறுவை நிபுணர் சைமன் ஹெர்குலஸ் இறந்தார். அவர் கிறிஸ்தவர். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய முடியாதபடி கூட்டம் கூடியது. வேலங்காட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே கல்லும் கட்டையும்! ஆம்புலன்ஸ்காரர்களுக்கு அடிபட்டது. கடைசியில் அவருடைய நண்பர் டாக்டர் பிரதீப் குமார் தானே ஆம்புலன்ஸை ஓட்டி, மருத்துவமனை ஊழியர்கள் இரண்டு பேரோடு, போலீஸ் பாதுகாப்பில் இரவோடு இரவாக மண்ணை வெட்டித் தள்ளி நண்பரைப் புதைத்தார்.

சடலத்திலிருந்து யாருக்கும் நோய் தொற்றியதற்கு ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அந்த மார்ச் மாதமே சொல்லியிருந்தது. கூட்டத்துக்கு அது தெரியாது. தெரிந்த இரண்டு பேர் அந்தத் தெருவில் இருந்திருந்தாலும், வெளியே வந்து சொல்லியிருப்பார்களா என்பதுதான் கேள்வி.

பைபிளில் இதற்கு ஓர் ஆள் உண்டு. அரிமத்தியா ஊரான் யோசேப்பு. பணக்காரர், ஆலோசனை சபையில் இருந்தவர், ஆனால் பயந்தவர். யூதருக்குப் பயந்து ரகசியமாகச் சீஷனாக இருந்தார் என்கிறது யோவான் சுவிசேஷம். மூன்று வருடம் கூடவே நடந்தவர்கள் ஓடிப்போன நேரத்தில், இந்தப் பயந்த மனுஷன்தான் துணிந்து பிலாத்துவிடம் போய் இயேசுவின் உடலைக் கேட்டார். பிரசங்கம் செய்யவில்லை, அற்புதம் எதுவும் செய்யவில்லை. ஒரு சடலத்தைக் கேட்டார், துணியில் சுற்றினார், கல்லறையில் வைத்தார்.

கத்தோலிக்கர்கள் இரக்கச் செயல்கள் என்று சொல்லும் பட்டியலில் இறந்தவர்களை அடக்கம் செய்வதும் ஒன்று. ஆனால் கொரோனா காலத்தில் தமிழ்நாட்டில் எந்த மதத்தவர் உடலானாலும் தோள் கொடுத்தவர்கள் என்று அதிகம் பேசப்பட்டவர்கள் தமுமுக போன்ற முஸ்லிம் அமைப்புகளின் இளைஞர்கள். கிறிஸ்தவர்கள் இதைக் கேட்டு வருத்தப்பட வேண்டியதில்லை, கற்றுக்கொண்டால் போதும்.

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. திருச்சி மேலப்புதூர் கல்லறைக்குள் தலித் கிறிஸ்தவர்களைப் பிரிக்க ஒரு சுவர் எழுப்பப்பட்டதை நாடே அறியும். செத்தபிறகும் பக்கத்தில் படுக்கக் கூடாது என்று சொன்ன சமூகம், வேலங்காட்டில் கல்லெறிந்தவர்களை மட்டும் எப்படிக் கண்டிக்கும்? சந்தா பாக்கியைக் கேட்டுவிட்டு அடக்கத்துக்குச் சம்மதிக்கிற சபைகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம்...

ஹெர்குலஸ் சம்பவத்துக்குப் பிறகு, அதே ஏப்ரலில், இப்படித் தடுப்பவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டது. நல்லதுதான். ஆனால் போலீஸ் வண்டி வந்து சேர்வதற்கு முன்னால் அந்த வாசலில் யாராவது நிற்க வேண்டும். அதற்குத் தெருக்காரர்களோடு முன்பே பழகியிருக்க வேண்டும். கூட்டம் கூடியபின் போய் "நான் பக்கத்துச் சர்ச்" என்றால் யார் கேட்பார்கள்?

பூந்தமல்லியிலும் ஆவடியிலும் எத்தனையோ சபைகள். கன்வென்ஷன் பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் ஆகிற செலவில் ஒரு பங்கை எடுத்தால், ஒரு ஃப்ரீசர் பாக்ஸ் வாங்கி வைக்கலாம். இரண்டு மூன்று சபைகள் சேர்ந்தால் ஓர் அமரர் ஊர்தியே வாங்கலாம். கேட்டு வருகிறவர் எந்த மதம், எந்தச் சாதி என்று விசாரிக்காமல் அனுப்ப வேண்டும். வண்டியோடு கூடவே மயானம்வரை போக ஒவ்வொரு சபையிலும் நான்கு பேர் பெயர் கொடுத்து வைக்க வேண்டும். பணம் வசூலாகிவிடும். பெயர் கொடுக்கத்தான் ஆள் தேட வேண்டியிருக்கும்.