இன்னொரு பெட்டியா?

மெஷ் வைஃபையில் வேகம் குறைந்தால் இன்னொரு பெட்டியை வாங்கி நடுவில் வைப்பதே பரிகாரம் என்பது பலருடைய சித்தாந்தம்; சிக்னல் எட்டாத மூலைக்கு அது நியாயமே. ஆனால் எட்டாமையும் மந்தமும் ஒன்றா?

முதலாவது: பெட்டிகள் கம்பியின்றி, ஒரே ரேடியோவில், தம்முள்ளும் நம் கைப்பேசியோடும் பேசும்போது, ஒவ்வொரு தகவலும் அதே அலைவரிசையில் இருமுறை பிரயாணம் செய்ய நேர்வதால், தாவலுக்குத் தாவல் வேகம் ஏறக்குறையப் பாதியாகிறது. பெட்டி கூடினால் தாவலும் கூடாதா?

இரண்டாவது: எந்தப் பெட்டியைப் பற்றுவது என்று தீர்மானிப்பது பெரும்பாலும் கைப்பேசியே. மாடிக்கு வந்த பின்னும் அது கீழ்த்தளத்தையே விடாப்பிடியாகப் பற்றியிருந்தால், புதுப் பெட்டி விளக்கெரித்துக்கொண்டு சும்மா இருக்கும்.

மூன்றாவது, இதுவே பிரதானம்: மூலத்தைச் சோதித்தீர்களா? மடிக்கணினியை முதல் ரூட்டரில் கேபிளால் இணைத்து அளக்க ஐந்து நிமிஷம் போதாதா? என் வீட்டில் 300 மெகாபிட் இணைப்பு மாதக்கணக்கில் 94-ஐத் தாண்டாமல் நின்றதற்குக் காரணம், மோடத்திலிருந்து ரூட்டருக்கு வரும் கேபிள் அலமாரிக் காலடியில் நசுங்கி, அதன் எட்டு இழைகளில் ஒன்று அறுந்திருந்ததுதான். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும், இல்லையேல் 100-க்கு இறங்கிவிடும். அதைக் கண்டுபிடிப்பதற்குள் வாங்கிய இரண்டு பெட்டிகள் இப்போது பரணில் இருக்கின்றன.