எந்தத் தலைமுறை ஸ்விஃப்ட் சிறந்தது? கேள்வியே பிழை!



கடந்த சனிக்கிழமை காலை, தஞ்சோங் பகார் பிளாசா உணவங்காடி நிலையத்தில் ஒரு மேசையைச் சுற்றி நால்வர் அமர்ந்து ஒரு மணி நேரத்திற்கும் மேலாக வழக்காடினர். வழக்கு அரசியலைப் பற்றியதன்று. பிள்ளைகளின் தேர்வைப் பற்றியதுமன்று. சுசுகி ஸ்விஃப்ட் என்னும் சிறிய காரின் எந்தத் தலைமுறை சிறந்தது என்பதே வழக்கு. மூவர் என்னிடம் தமிழ் பயின்ற பழைய மாணவர்கள். நான்காமவன் தஞ்சாவூரிலிருந்து இங்கு வேலைக்கு வந்திருக்கும் என் அக்காள் மகன். நான் தே ஓ குடித்தவாறு கேட்டுக்கொண்டிருந்தேன்.

இறுதியில், "சார், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்றனர் மாணவர்கள். "கேள்வியே பிழை" என்றேன். நால்வரும் சிரித்தனர். "வாத்தியார் வேலையைக் காட்டிவிட்டீர்களே மாமா" என்றான் அக்காள் மகன். அன்று சிரிப்போடு விட்டுவிட்டேன். ஆனால், அது சிரித்து விடக்கூடிய செய்தியன்று. ஆகவே இதை எழுதுகிறேன்.

முதலில் எண்ணிக்கைக் குழப்பத்தைத் தீர்ப்போம். ஜப்பானில் ஸ்விஃப்ட் என்னும் பெயர் 2000ஆம் ஆண்டில் வழக்குக்கு வந்தது. 2004இல் வந்தது அங்கே இரண்டாம் தலைமுறை. அதே வண்டி 2005 மே மாதத்தில் மாருதியின் வழியாக இந்தியாவில் அறிமுகமானபோது அங்கே முதல் தலைமுறை ஆயிற்று. 2010இல் வந்த மூன்றாம் தலைமுறை, 2011இல் இந்தியாவின் இரண்டாம் தலைமுறை. 2017ஐ ஒட்டி வந்த நான்காவது, 2018இல் இந்தியாவின் மூன்றாவது. 2023 இறுதியில் ஜப்பானில் வந்த ஐந்தாவது, 2024 மே மாதத்தில் இந்தியாவின் நான்காவது. ஆகவே, அக்காள் மகன் "இரண்டாம் தலைமுறைதான் சிறந்தது" என்றபோது அவன் மனத்தில் இருந்த வண்டி ஒன்று. என் மாணவர் காதில் விழுந்த வண்டி வேறொன்று. அரை மணி நேரம் இருவரும் தத்தம் வண்டிக்காகவே வாதாடுவதாக நம்பிக்கொண்டிருந்தனர். நிகண்டுகளில் 'ஒரு சொல் பல்பொருள்' என்றொரு தொகுதி உண்டு. 'இரண்டாம் தலைமுறை' என்பதையும் அதில் சேர்த்துவிடலாம். இனி நான் ஆண்டைக் கொண்டே வண்டிகளைக் குறிப்பிடுகிறேன்.

சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளாக அமைந்த நூல். பிறர் கொள்கையை முறையாக எடுத்துரைத்த பின்னரே தன் கொள்கையை நிறுவுதல் நம் மரபு. அம்முறையிலேயே செல்வோம்.

முதல் மாணவர் 2004 கட்சி. அவரிடம் 2007இல் பதிவான ஸ்விஃப்ட் ஸ்போர்ட் இருக்கிறது, 1.6 லிட்டர், 125 குதிரைத்திறன். வாகன உரிமைச் சான்றிதழை 2017இல் மேலும் பத்தாண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொண்டவர். நான்கு மூலைகளிலும் சக்கரங்களைத் தள்ளி வைத்த அந்த உருவமும், வளைவில் அது காட்டும் உறுதியும் பின்னர் வந்த எதிலும் இல்லை என்பது அவர் வாதம். இரண்டாம் மாணவர் 2010 கட்சி. அதன் ஸ்போர்ட் வகையில் 136 குதிரைத்திறனும் ஆறு கியர்களும் உண்டு. அதன் திறன் 100 கிலோவாட். 2014 பிப்ரவரியில் 'ஏ' பிரிவுக்கு 97 கிலோவாட் வரம்பு வைக்கப்பட்டபோது, 1,600 சிசிக்குள் அடங்கியும் அவ்வண்டி அப்பிரிவுக்கு வெளியே போனது அவருக்கு இன்றளவும் ஆறாத மனக்குறை. மூன்றாமவர் 2017 கட்சி. ஜப்பானிய ஸ்போர்ட் வகை 970 கிலோ எடையில் 1.4 லிட்டர் டர்போ எஞ்சினைச் சுமந்து வந்தது. எடை குறைந்தால் எல்லாம் நிறையும் என்பது அவர் கொள்கை.

அக்காள் மகன் 2011இல் இந்தியாவுக்கு வந்த டீசல் வண்டியின் பக்கம். ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் எஞ்சின், சிக்கனம், நெடுந்தூர உழைப்பு. 2020 ஏப்ரலில் புதிய மாசுக்கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டது. "அதோடு ஸ்விஃப்டின் பொற்காலம் முடிந்தது மாமா" என்றான்.

இவை எல்லாம் பொய்யல்ல. வண்டியை நேசிப்பதையும் நான் எள்ளவில்லை. தஞ்சோங் பகாரில் வாழ்பவனுக்குப் பழமையின்மேல் பற்று இல்லாமல் போகுமா? 1932இல் திறக்கப்பட்ட எங்கள் ரயில் நிலையத்திலிருந்து 2011 ஜூன் 30 அன்று கடைசி ரயில் புறப்பட்டபோது கண்கலங்கி நின்ற கூட்டத்தில் நானும் ஒருவன். ஆனால் பற்று வேறு, சான்று வேறு. நால்வரும் எஞ்சினைப் பற்றிப் பேசினர், சக்கரத்தைப் பற்றிப் பேசினர், விளக்கின் வடிவத்தைக்கூடப் பேசினர். மோதினால் உள்ளே இருப்பவர் கதி என்ன என்பதை ஒருவரும் பேசவில்லை.

இனி என் பக்கம். 2010ஆம் ஆண்டு வண்டியையே எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு ஐரோப்பாவில் யூரோ என்கேப் அமைப்பு அதனை மோதவிட்டுச் சோதித்தது. பல காற்றுப்பைகளுடன் விற்கப்பட்ட அவ்வண்டிக்கு ஐந்து நட்சத்திரங்கள் கிடைத்தன. அதே தலைமுறையின் இந்திய வண்டியை, காற்றுப்பை இல்லாத அடிப்படை வகையை, 2014இல் குளோபல் என்கேப் சோதித்தது. முன்பக்க மோதல், வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர். பெரியவர்களுக்கான பாதுகாப்பில் கிடைத்தது சுழியம். ஒரு நட்சத்திரம்கூட இல்லை. வண்டியின் கூடு நிலைகுலையும் தன்மையது என்றும் அவ்வமைப்பு அறிவித்தது.

இரு அமைப்புகளின் மதிப்பெண் முறைகள் முற்றிலும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், ஒரே பெயர், ஒரே தலைமுறை, ஒரே முகம். ஓரிடத்தில் ஐந்து, ஓரிடத்தில் சுழியம் என்றால், 'தலைமுறை' என்னும் சொல் நமக்கு எதைத்தான் உணர்த்துகிறது? விளக்கின் வடிவத்தை உணர்த்துகிறது. உயிரின் விலையை உணர்த்தவில்லை. இதனால்தான் கேள்வியே பிழை என்றேன். "எந்தத் தலைமுறை?" என்று கேட்பவன் "எந்த வகை, எந்த நாட்டுக்குச் செய்தது, உள்ளே என்னென்ன இருக்கின்றன?" என்று கேட்டிருக்க வேண்டும்.

உடனே ஒருவர், "அப்படியானால் புதியதே சிறந்தது என்று சொல்லிவிடுங்களேன்" என்பார். அதுவும் பிழை. 2018இல் இந்தியாவுக்கு வந்த வண்டியில் இரண்டு காற்றுப்பைகள் எல்லா வகைகளிலும் இருந்தன. குளோபல் என்கேப் அவ்வாண்டு அதற்கு அளித்தவை இரண்டு நட்சத்திரங்கள். சோதனை கடுமையாக்கப்பட்ட பின், 2022இல் கிடைத்தது ஒன்று. 2024இல் வந்த இந்திய வண்டியில் ஆறு காற்றுப்பைகளும், வண்டி வழுக்கி விலகாமல் காக்கும் மின்னணு நிலைப்பாட்டுக் கருவியும் எல்லா வகைகளிலும் உள்ளன. இது பெரிய முன்னேற்றம். ஆயினும் அதன் ஐரோப்பிய வண்டிக்கு 2024இல் யூரோ என்கேப் தந்தவை மூன்று நட்சத்திரங்களே. புதிது என்பதும் ஒரு பெயரே அன்றி உறுதிமொழி அன்று.

என் கட்சிக்கு எதிராகச் சொல்லப்படுவன மூன்று.

"பழைய இரும்பு உறுதியானது" என்பது முதலாவது. வண்டி சிதையாமல் நிற்பது பெருமையன்று. மோதலின் விசையை முன்பகுதி நசுங்கித் தன்னுள் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆட்கள் அமரும் கூடு மட்டும் நசுங்காமல் நிற்க வேண்டும். முன்பகுதி வாங்காத விசை உள்ளிருப்பவர் மார்புக்கே வந்து சேரும். எடை குறைந்த வண்டி என்பதாலேயே தகரடப்பா என்று பழிப்பதும் இவ்வாறே தவறு. எடையைவிட அமைப்பே முதன்மையானது.

"நன்றாக ஓட்டுபவனுக்குக் காற்றுப்பை எதற்கு?" என்பது இரண்டாவது. எதிரே வருபவனும் நன்றாக ஓட்டுவான் என்று எழுதித் தருவார் யார்?

மூன்றாவதே வலுவான வாதம். "ஏழை எளிய குடும்பத்தை இருசக்கர வண்டியிலிருந்து காருக்கு மாற்றியதே பெரும் பாதுகாப்பு. விலையை ஏற்றினால் அவர்கள் வாங்க முடியாது" என்பர். இதில் உண்மை இருக்கிறது. மழையில் மூவர் ஒரே ஸ்கூட்டரில் செல்வதைக் காட்டிலும் எந்தக் காரும் மேல். ஆனால், அதே கடையில் அதே வண்டியின் உயர்ந்த வகையில் காற்றுப்பை வைத்து விற்றார்களே! பாதுகாப்பைக் கூரைக்கும் நிறத்திற்கும் இணையான அலங்காரமாக்கி, பணம் உள்ளவனுக்கு மட்டும் விற்றதையே நான் குறைகூறுகிறேன். இந்திய அரசு 2019 ஜூலையில் ஓட்டுநருக்கான காற்றுப்பையைக் கட்டாயமாக்கியது. 2021 முடிவிற்குப் பின் முன்னிருக்கைப் பயணிக்கும் கட்டாயமாயிற்று. ஸ்விஃப்ட் விற்காமல் போய்விடவில்லை, இன்றும் விற்கிறது.

"இது இந்தியச் சிக்கல், சிங்கப்பூரில் நமக்கென்ன?" என்று என் மாணவர்கள் கேட்கலாம். 1990 முதல் இங்கு வாகன உரிமைச் சான்றிதழ் முறை உள்ளது. காரின் ஆயுள் பத்தாண்டு. 2023 அக்டோபரில் 'ஏ' பிரிவுச் சான்றிதழ் 106,000 வெள்ளியைத் தொட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். பழைய வண்டியைப் புதுப்பித்து வைத்திருப்பவர், பதிவு நீக்கும்போது கிடைக்கும் கழிவுத் தொகையை இழக்கிறார். 10 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை உயரும் சாலை வரி மேற்கட்டணமும் கட்டுகிறார். இத்தனையும் கட்டிய கையோடு புகைக்குழாய்க்கும் அலாய் சக்கரத்துக்கும் செலவிடும் நண்பர்களை நான் அறிவேன். அவர்களிடம் ஒன்றே கேட்கிறேன்: டயரின் வயது என்ன? இருக்கை வார் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறதா? காற்றுப்பை எச்சரிக்கை விளக்கு எரிகிறதா, அணைந்திருக்கிறதா? இவற்றுக்கு விடை தெரிந்த பின் 2004இன் அழகைப் பேசுவோம்.

இனி, நான் இதை எழுதுவதன் உண்மைக் காரணம். 2013இல் என் அக்காள் வீட்டுக்காரர் ஸ்விஃப்ட் வாங்க விரும்பி எனக்குத் தொலைபேசியில் பேசினார். பணத்தில் ஒரு பங்கு நான் அனுப்புவதாக ஏற்பாடு. அடிப்படை வகையா, காற்றுப்பை உள்ள உயர்ந்த வகையா என்று கேட்டார். "நம் ஊர்ச் சாலையில் யார் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகப் போகிறார்கள் அத்தான்? வீண் செலவு" என்று சொன்னவன் நானே. மிஞ்சிய பணத்தில் இருக்கை உறையும் பாட்டுப் பெட்டியும் வாங்கினார்கள். மறு ஆண்டு அந்தச் சோதனை முடிவைப் படித்தபோது, நூறு அன்று, அறுபத்து நான்கு என்று கண்டேன். அவ்வண்டியில் எவர்க்கும் இதுவரை ஒரு கீறலும் இல்லை. அது என் அறிவினால் அன்று.

இப்போது அக்காள் மகன், தலைமுறைகளுள் சிறந்தது என்று தான் நம்பும் அதே வண்டியைச் செப்பனிட்டுத் தன் தங்கைக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க நினைக்கிறான். மேசையில் நடந்த வழக்கு அவனுக்கு விளையாட்டு, எனக்கு விளையாட்டன்று. அந்தப் பெண் அதன் ஓட்டுநர் இருக்கையில் அமரப் போகிறாள். வண்டியை மாற்று என்று சொல்லியிருக்கிறேன். பழைய வண்டி போகும் விலைக்கும் புதியதன் விலைக்கும் உள்ள இடைவெளியில், 2013இல் மிச்சப்படுத்தச் சொன்ன தொகையை இன்றைய மதிப்பில் நானே தருவதாகவும் சொல்லியிருக்கிறேன். அவன் இன்னும் இசையவில்லை. "டீசல் போல வருமா மாமா?" என்கிறான்.

வராது, தம்பி. ஒப்புக்கொள்கிறேன். டீசல் திரும்பி வராததுபோல வேறு சிலவும் போனால் திரும்பி வாரா.

அன்புடன்,
தஞ்சோங் பகாரிலிருந்து உங்கள் தமிழாசிரியன்

பி.கு.: "ஓட்டுவதற்கு இனியது எது என்றாவது சொல்லுங்கள் சார்" என்று வற்புறுத்திய மாணவர்களுக்கு: 2004. முதலாமவரின் வண்டியில் ஒருமுறை வெஸ்ட் கோஸ்ட் வரை சென்று வந்திருக்கிறேன். இறங்க மனமில்லை. அதனால்தான் டயரின் வயதைக் கேட்டேன்.