அடுப்பைவிடக் குழாயே முக்கியம்

விவசாயி வீட்டில் விறகு அடுப்பு இன்னும் அணைந்துவிடவில்லை. 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் பல வீடுகளுக்குக் காஸ் இணைப்பு வந்தது உண்மைதான். ஆனாலும் நெல் அவிக்கவும், வெந்நீர் வைக்கவும், நடவு ஆட்களுக்குச் சோறு வடிக்கவும் விறகும் பருத்திமாரும் தென்னை மட்டையும்தான் எரிகின்றன. சொந்த நிலத்தில் கிடைப்பதை விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் சிலிண்டர் வாங்க யாருக்கு மனம் வரும்? ஆகவே விறகு அடுப்பைக் குறை சொல்வதைவிட, அதன் புகையை ஒழுங்காக வெளியே அனுப்புவது பற்றிப் பேசுவதே நமக்குப் பயன் தரும்.

புகையில்லா அடுப்பு நமக்குப் புதிதல்ல. மத்திய அரசின் திட்டம் 1983-ல் தொடங்கி 2002-ல் நிறுத்தப்பட்டது. அதற்குள் நாடு முழுவதும் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன. பின்னர் ஒடிசா கிராமங்களில் புகைபோக்கி வைத்த அடுப்புகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வு நடந்தது. 2012-ல் வெளியான அதன் முடிவு என்ன தெரியுமா? முதல் ஆண்டில் சமைப்பவர் சுவாசித்த புகை குறைந்தது. அதன் பிறகு அந்தப் பலன் மறைந்துவிட்டது. அடுப்பைப் பழுதுபார்த்து ஒழுங்காகப் பயன்படுத்தாததே காரணம்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அடுப்பைக் கட்டும்போது காட்டும் அக்கறையை நாம் குழாயில் காட்டுவதில்லை. கையில் மிஞ்சிய காசுக்குக் கிடைத்த மெல்லிய தகரக் குழாயைச் செருகிவிட்டு வேலை முடிந்தது என்கிறோம்.

சூடான புகை லேசானது. அதனால் மேலே ஏறுகிறது. ஒற்றைத் தகரக் குழாயில் அது சீக்கிரம் குளிர்ந்துவிடும். குளிர்ந்த புகை ஏறத் தயங்கும். அதிலுள்ள பிசுபிசுப்பான கீல் குழாயின் உட்புறத்தில் படியும். ஈர விறகு எரித்தால் இன்னும் மோசம். வழி குறுகக் குறுகப் புகை அடுப்படிக்கே திரும்பும். சமைக்கிற பெண்ணின் கண்ணும் நெஞ்சும், இடுப்பில் இருக்கும் குழந்தையும் அதன் விலையைக் கொடுக்க வேண்டியதுதான். படிந்த கீல் என்றாவது தீப்பற்றினால், கீற்றுக் கூரையின் கதி என்ன?

குளிர் நாடுகளில் இதற்கு இரட்டைச் சுவர்க் குழாய் வைக்கிறார்கள். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். நடுவே காற்று இடைவெளி. உள் குழாய் சூடாகவே இருப்பதால் புகை நன்றாக இழுக்கும், கீலும் குறைவாகப் படியும். வெளிக் குழாயில் சூடு குறைவு. அமெரிக்க விதிகளின்படி ஒற்றைக் குழாய்க்கும் எரியக்கூடிய பொருளுக்கும் 18 அங்குலம் இடைவெளி வேண்டும். தொழிற்சாலையில் செய்து சோதித்த இரட்டைக் குழாய்க்குப் பொதுவாக 6 அங்குலம் போதும்.

நம் ஊர்த் தகர வேலைக்காரரும் இப்படி ஒரு குழாய் செய்து தருவார். ஆனால் அதற்கு 6 அங்குலக் கணக்கை நம்ப வேண்டாம். ஒன்றரை அடியே விடுங்கள். கீற்றுக் கூரையைத் துளைத்துக் குழாயை ஏற்றவே கூடாது என்பது என் கருத்து. அடுப்படியின் மண் சுவர் அல்லது செங்கல் சுவர் வழியாக வெளியே எடுத்து, தாவாரத்துக்கு அப்பால் நிமிர்த்துங்கள். வெளியே நிற்கும் பகுதிதான் சீக்கிரம் குளிரும்; இரட்டைக் குழாய் அங்கேதான் அவசியம். அதன் வாய் கூரை முகட்டைவிட மூன்று அடியாவது உயர்ந்திருக்கட்டும். மழைக்கு மேலே ஒரு தொப்பி. மூட்டுகளில், மேல் துண்டின் முனை கீழ்த் துண்டுக்குள் இறங்க வேண்டும். அப்போது கீல் வெளியே வழியாது. அடுப்பை ஒட்டிய பகுதிக்குச் செங்கல் அல்லது குயவர் சுட்ட மண் குழாய் நல்லது. மலிவாகக் கிடைக்கிறதென்று ஆஸ்பெஸ்டாஸ் குழாயை வாங்கி அறுக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும்.

எவ்வளவு நல்ல குழாயும் தானே சுத்தமாகிக்கொள்ளாது. மாதம் ஒருமுறை, அடுப்பு நன்றாக ஆறிய பிறகு, கயிற்றில் தேங்காய் நார்ப் பந்தைக் கட்டி மேலும் கீழும் இழுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பே விறகைக் காயவைத்து அடுக்குங்கள்.

பம்ப் செட்டுக்குப் பழுது என்றால் அன்றே ஆள் தேடுகிறோம். அடுப்படியில் புகை திரும்பினால் மட்டும், "அது பொம்பளைங்க பாடு" என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறோம். இது நியாயமா? இந்த அறுவடைப் பணத்தில் குழாய்க்கென ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள். சுத்தம் செய்யும் பொறுப்பை வீட்டு ஆண்களே ஏற்றுக்கொள்ளட்டும். அடுப்புத் திட்டங்களை வகுப்போரும், எத்தனை அடுப்பு கொடுத்தோம் என்று எண்ணுவதோடு நிற்காமல், மறு வருடம் வந்து எத்தனை குழாயில் புகை போகிறது என்று எண்ணிப் பார்க்கட்டும்.