வெப்பத்தை மண்ணுக்கு அனுப்புங்கள்
ஏசி மெக்கானிக் நான். வெளியே 40 டிகிரி கொதிக்கும்போது, அறையின் சூட்டை அந்தக் காற்றிலேயே தள்ளத் திணறுகிறது கம்ப்ரசர். அமெரிக்காவின் இண்டியானாவில் உள்ள பால் ஸ்டேட் பல்கலைக்கழகம் அந்தச் சூட்டை மண்ணுக்குள் அனுப்புகிறது. சுமார் 3,600 ஆழ்துளைகள். அவற்றில் இறங்கி ஏறும் குழாய்களில் தண்ணீர். கோடையில் கட்டடங்களின் வெப்பம் மண்ணில் இறங்கும். குளிர்காலத்தில் ஹீட் பம்ப் அதை மீட்டு அறைகளுக்குத் தரும். நிலக்கரி பாய்லர்களுக்கு அங்கே வேலை போயிற்று.

நம் சமவெளியில் அறையைச் சூடாக்கும் தேவையே இல்லை. ஆண்டு முழுக்க வெப்பத்தை இறக்கிக்கொண்டே இருந்தால் மண்ணும் சூடேறிவிடும். ஆகவே அப்படியே நகலெடுக்கக் கூடாது. ஆனால் மருத்துவமனைகளுக்கு வெந்நீர் தினமும் வேண்டும். வெப்பத்தில் ஒரு பங்கை அதற்குத் திருப்பலாம். புதிய அரசு மருத்துவமனைக்கு அஸ்திவாரம் தோண்டும் முன்பே பொதுப்பணித் துறை இதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.