மெஷின் போடும் மார்க்

முன்பெல்லாம் என் வயதுக்காரர்கள் சந்தித்தால் "சுகர் எவ்வளவு?" என்று கேட்டுக்கொள்வோம். இப்போது, இரவில் மாஸ்க் மாட்டிக்கொண்டு தூங்கும் எங்களைப் போன்றவர்கள் "ஏ.எச்.ஐ. எவ்வளவு?" என்று கேட்கிறோம். தூக்கத்தில் மணிக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு அது. 5-க்குக் கீழே இருந்தால் பாஸ்.

இந்த மார்க்கைக் காட்டி நம் வாயை அடைக்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பகலெல்லாம் கண் சொக்குகிறது என்று போய்ச் சொன்னேன். மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இரண்டுதான் காட்டுகிறது, உங்களுக்கு ஒன்றுமில்லை சார்" என்று அனுப்பிவிட்டார்கள்.

சிபேப் மெஷினுக்கு என்ன தெரியும்? குழாயில் போகும் காற்றின் ஓட்டமும் அழுத்தமும்தான். ஸ்லீப் லேபில் தலையில் ஒயர் ஒட்டி மூளை அலையைப் பார்க்கிறார்கள். விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜனைப் பார்க்கிறார்கள். மூச்சு முழுதாக நிற்காமல் குறைந்தால், ஆக்சிஜன் இறங்கியதா, தூக்கம் கலைந்ததா என்று பார்த்த பிறகே கணக்கில் சேர்ப்பார்கள். வீட்டில் இருக்கும் சாதாரண மெஷினுக்கு இந்த இரண்டும் தெரியாது.

நாம் தூங்குகிறோமா, விழித்துக் கிடக்கிறோமா என்பதும் அதற்குத் தெரியாது. 8 மணி நேரம் மாஸ்க் போட்டிருந்தீர்கள், 30 தடவை மூச்சு தடைப்பட்டது என்று வையுங்கள். மெஷின் 8-ஆல் வகுத்து 3.75 என்று காட்டும். பாஸ். நீங்கள் தூங்கியது 5 மணி நேரம்தான் என்றால் கணக்கு 6. ஃபெயில்! நடுராத்திரியில் விழித்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பது நம் வயதில் யாருக்குத்தான் இல்லை? மாஸ்க்கில் காற்று கசிந்தால் கணக்கு இன்னும் கெடும்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. எத்தனை மணி நேரம் உபயோகித்தோம் என்பதை மெஷின் சரியாகச் சொல்லும். மூச்சுத்தடை எண்ணிக்கையை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது, கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு வேறு என்று அமெரிக்க மார்புநோய்ச் சங்கம் 2013-லேயே சொல்லிவிட்டது. கடைக்குக் கடை எடைக்கல் மாறினால் கிலோவுக்கு என்ன அர்த்தம்?

மெஷினைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. 1981-ல் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் உலகுக்கு அறிவித்த இந்தச் சிகிச்சையால் பிழைத்தவர்கள் ஏராளம். தினமும் மாட்டுங்கள். எண் ஏறினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

எண் குறைவாக இருந்தும் பகல் தூக்கம், காலைத் தலைவலி, குறட்டை தொடர்ந்தால், "ராத்திரி முழுக்க ஆக்சிஜனை அளந்து பாருங்கள், தேவையானால் மாஸ்க்கோடு மறுபடி ஸ்லீப் ஸ்டடி செய்யுங்கள்" என்று கேளுங்கள். விடாமல் கேளுங்கள். பகலில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களுக்கு இது உயிர் சமாச்சாரம்.